கல்லைச் சுற்றி ஆறடி

என் பெயர் விஜயராஜ். ஊர் உடன்குடி. கடலோர மின்வழி அனுமதி வாரியத்தின் தூத்துக்குடி அலுவலகத்தில் ஒப்பந்த முறையில் கணினி நிரலாளராக இருக்கிறேன். இந்த மூன்று வாக்கியங்களையும் இப்போதெல்லாம் நான் யாரிடமும் சத்தமாகச் சொல்வதில்லை. யாராவது கேட்டால் "ஒரு ஆபீஸ்ல வேலை" என்று சொல்லிவிட்டு டீ கிளாசைப் பார்த்துக்கொள்கிறேன்.

வாரியத்தின் வேலை எளியது. வள்ளமோ விசைப்படகோ, கடலுக்குப் போக ஒரு சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் போனால் ரோந்துக்காரர்கள் படகைப் பிடித்துக் கட்டிப் போடுவார்கள். முன்பெல்லாம் அந்தச் சீட்டை ஊருக்கு ஒரு எழுத்தர் கடற்கரைச் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, பேரைக் கேட்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிட வேலை. அதை இரண்டு நொடி வேலையாக்கத்தான் வாரியம் தொடங்கப்பட்டது. அதற்கு நாற்பத்தாறு பேரை நியமித்தார்கள். நாற்பத்தாறாவது ஆள் நான். கணினி தெரிந்த முதல் ஆளும் நான்தான்.

எனக்கு முன் யாரோ ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட்டில் முக்கால்வாசி எழுதி வைத்துவிட்டு ஓடிப்போயிருந்த ஓர் இணையதளம் என் கையில் கொடுக்கப்பட்டது. கூடவே ஒரு லேப்டாப்பும், மூன்று வரி எழுதிய ஒரு தாளும். தேவையானதை நிறுவு, ரகசியக் கோப்பை உள்ளே வை, ஓட்டு. அவ்வளவுதான். எந்த இணையதளத்தையும் ஊருக்குத் திறப்பதற்கு முன் நம் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பரிமாறுவதற்கு முன் உப்புப் பார்ப்பது மாதிரி. எங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்திருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாரியத்தில் ஐம்பத்திரண்டு நாள் ஆனது.

முதல் சிக்கல் நோட் என்ற மென்பொருள். அந்தத் தளம் நோட்டின் பதினாறாம் பதிப்புக்கு எழுதப்பட்டது. லேப்டாப்பில் இருந்தது இருபதாம் பதிப்பு. ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பதினாறை நிறுவிக்கொள்ள அனுமதி கேட்டு இயக்குநர் சாரங்கபாணி அறைக்குப் போனேன். அவர் மென்மையாகப் பேசக்கூடியவர். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அதற்கு வேறு வழிகள் வைத்திருந்தார்.

"விஜயராஜ், புதுசு கையில இருக்கறப்ப பழசக் கேக்கறீங்க. நாளைக்கு ஆடிட்ல வந்து, இருபது இருக்க பதினாறு எதுக்குன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? எனக்குத் தெரியாத ஒண்ணுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தெரிஞ்சதுக்கும் தனியாப் போட மாட்டேன். கமிட்டி போடுவோம்."

மூன்று பேர் கொண்ட குழு பதினோரு நாள் ஆராய்ந்து, பதினாறு என்பது இருபதைவிடச் சிறியதே என்று முடிவு செய்தது. ஓர் உறுப்பினர் மட்டும் மாற்றுக் கருத்து எழுதி இணைத்தார். ஆனாலும் அனுமதி கிடைத்தது.

அடுத்து, தளத்துக்கு வேண்டிய துணைக்கோப்புகளை இறக்கினேன். ஒரே கட்டளையில் நாற்பத்தோராயிரம் கோப்புகள் வந்து விழுந்தன. இந்தத் தொழிலில் இது சாதாரணம். ஆனால் எங்கள் பதிவறைக் கண்காணிப்பாளர் சங்கரம்மாள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லாக் கணினிகளிலும் கோப்புகளை எண்ணுவார். எண்ணிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏ தம்பி, வந்து ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள நாப்பத்தோராயிரம் ஃபைலு தொறந்திருக்கியளே! முப்பது வருச சர்வீசுல நான் தொறந்ததே எண்ணூறுதான்."

"நான் தொறக்கல மேடம். அது தானா வாரது."

"தானா வாரதுக்கு இது என்ன கரையானா? ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எங்க? யாரு கையெழுத்து?"

அழித்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடி இறக்கினேன். வெள்ளிக்கிழமை மறுபடி அழித்தார். மூன்றாவது முறை இரண்டு உதவியாளர்களையும் ஒரு தடித்த பதிவேட்டையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எண் போடத் தொடங்கினார். ஆயிரத்துச் சொச்சத்தில் ஒரு கோப்புத் தொகுப்பில் நின்று, இது எதற்கு என்று கேட்டார். ஓர் எண் ஒற்றைப்படையா என்று பார்ப்பதற்கு என்றேன்.

"வெறும் அதுக்கா?"

"ஆமா மேடம். அது சரியா வேலை செய்ய, எண்தானான்னு பாக்கதுக்கு இன்னொண்ணு இருக்கு."

சங்கரம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல்முறையாக அந்த லேப்டாப்பை மரியாதையோடு பார்த்தார். "நம்ம ஆபீஸ் மாதிரியேல்லா இருக்கு" என்றார். அதன் பிறகு அவர் அழிக்கவில்லை.

மூன்றாவது ரகசியக் கோப்பு. தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளத்துக்கான கடவுச்சொல் அதில் இருக்க வேண்டும். அது அரக்கு முத்திரையிட்ட உறையில் பீரோவுக்குள் இருந்தது. மூன்று சாட்சிகள் முன்னிலையில் பீரோ திறக்கப்பட்டது. நான் வாங்கிக்கொண்டதற்கு நான்கு இடத்தில் கையெழுத்திட்டேன். தாளைப் பிரித்தால், 'இங்கே கடவுச்சொல்லை எழுதவும்' என்று அச்சடித்திருந்தது. ஐந்து ஆண்டுகளாக அந்தத் தாளுக்குத்தான் காவல் போட்டிருந்தார்கள். சாட்சிகளில் ஒருவர், "இதையே அடிச்சுப் பாருங்க" என்று சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் நானே ஒரு கடவுச்சொல்லை உருவாக்கிக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் முற்பகல் பதினோரு மணிக்கு, கருப்புத் திரையில் பச்சை எழுத்து வந்தது. தளம் ஓடியது. சீட்டு கேட்கும் பக்கம் திறந்தது, பேரை அடித்தால் சீட்டு வந்தது. நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். சாரங்கபாணி சார் தன் அறையிலிருந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடுது சார்."

"அட்ரஸ் என்ன?"

"லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, மூவாயிரம். ஆனா சார், அது வந்து..."

"சுருக்கமா இருக்கு. மனசுல நிக்கும்" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அது வந்து, என்று நான் நிறுத்திய இடத்தில் சொல்ல இருந்தது இதுதான். லோக்கல்ஹோஸ்ட் என்பது ஊருக்கான முகவரி இல்லை. இந்தக் கணினியே என்று அதற்குப் பொருள். எந்தக் கருவியில் அடிக்கிறோமோ அந்தக் கருவி தன் வயிற்றுக்குள்ளேயே தேடும். என் லேப்டாப்பில் அடித்தால் தளம் திறக்கும், ஏனென்றால் தளம் அதற்குள் இருக்கிறது. கீழவைப்பாரில் ஒருவர் தன் போனில் அடித்தால், அந்த போன் தனக்குள் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லும். ஊருக்குத் திறக்க வேண்டுமானால் வெளியே ஒரு சர்வரில் ஏற்றி, வேறு முகவரி வாங்க வேண்டும். ஒரு நாள் வேலை.

இரண்டு வாரம் கழித்துத் திறப்பு விழா அழைப்பிதழின் மாதிரியைப் பார்த்தேன். தடித்த எழுத்தில் அந்த முகவரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க விஜயராஜ். உங்க கான்ட்ராக்ட் ரினியூவல்தான் இது. இன்னும் ரெண்டு வருசம். இப்பத்தான் போட்டேன், இங்க் காயல. சொல்லுங்க, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். "தேங்க்ஸ் சார்" என்றும் சொன்னேன்.

இதற்கு நான் பின்னால் பல காரணங்கள் யோசித்து வைத்திருக்கிறேன். அழைப்பிதழ்தானே, கடைசியில் ஒரு வரி மாற்றிவிடலாம் என்று நினைத்ததாக ஒன்று. அவர் மனசு கோணாத நேரம் பார்த்துச் சொல்ல நினைத்ததாக இன்னொன்று. எதுவும் உண்மையில்லை. அந்த இங்க் காயட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அதிலிருந்து நான்காம் நாள் ஒரு மினி லாரியில் கல் வந்தது. கருப்பு கிரானைட். சிறப்பு விருந்தினர் பெயர், சாரங்கபாணி பெயர், நாள், அதன் கீழே தங்க நிறத்தில், உளியால் ஆழமாக வெட்டிய முகவரி. முக்காற்புள்ளியின் இரண்டு புள்ளிகளையும் கல்தச்சன் உருட்டி அழகாகக் குடைந்திருந்தான். அலுவலக வாசலில் அதை நட்டு சிமெண்டு பூசும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். நட்டவர்கள், "நேரா இருக்கா சார்?" என்று என்னிடம் கேட்டார்கள். நேராகத்தான் இருக்கிறது என்றேன்.

விழா நன்றாக நடந்தது. சிறப்பு விருந்தினர் என் லேப்டாப்பில் ஒரு விரலால் தட்டினார். தளம் திறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சாரங்கபாணி சார் பேசினார்.

"இன்று முதல் எந்த மீனவரும் இந்த அலுவலகத்தின் படியேற வேண்டியதில்லை. அவர்கள் முகத்தை நாங்கள் பார்க்க வேண்டியதில்லை, எங்கள் முகத்தை அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் குறை எங்கள் காதில் விழாது. இந்த நிலையை அடைய நாங்கள் ஐந்து ஆண்டுகள் உழைத்திருக்கிறோம். ஊர்களில் சீட்டு கொடுத்த எழுத்தர்கள் இன்று மாலையோடு திரும்ப அழைக்கப்படுகிறார்கள். அவர்களுடைய ரப்பர் ஸ்டாம்புகள் என் பீரோவில் வைக்கப்படும்."

உடன்குடியிலிருந்து என் அப்பா வன்னியபெருமாள் வந்திருந்தார். கருப்பட்டிக் கடையைப் பூட்டிவிட்டு அவர் எங்கும் போகாதவர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கல்லின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "கல்லுலயே வெட்டிட்டானுவளே! இனிம யாரு அழிக்க முடியும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் போட்டோ இப்போது கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. உடன்குடிக்குப் போனால் நான் கடைக்குள் நுழைவதில்லை. வாசலோடு பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

மறுநாளிலிருந்து கடற்கரை முழுக்க ஒருவருக்கும் சீட்டு கிடைக்கவில்லை. சங்கத் தலைவர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். புகார்களைத் தளத்தின் வழியாக மட்டுமே பதிவு செய்ய வேண்டும் என்று வாரியம் பதில் சொன்னது. வாரக் கடைசியில் சாரங்கபாணி சார் என்னை அழைத்து, எத்தனை புகார் வந்திருக்கிறது என்று கேட்டார். தளத்தில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பூஜ்யம் என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. பாராட்டுக் கடிதம் வந்தது.

சீட்டு எடுத்தவர்கள் எண்ணிக்கையும் பூஜ்யமாக இருப்பதை சங்கரம்மாள்தான் கண்டுபிடித்தார். இயக்குநர் யோசித்தார். மீனவர்களுக்கு முகவரியை ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லை என்று முடிவுக்கு வந்தார். ஊர் ஊராக முகவரி தட்டச்சுப் பயிற்சி முகாம் நடத்தவும், தேறியவர்களுக்குச் சான்றிதழ் வழங்கவும் உத்தரவு போட்டார். பயிற்சியாளர் நான்.

முதல் முகாம் கீழவைப்பாரில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில். எண்பது பேர் வந்திருந்தார்கள். வெளியே வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. சாளை மீன் கூட்டமாக வந்து நிற்கிற நாட்கள் அவை. அது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. யாரும் என்னிடம் கோபப்படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர்கள் அடித்தார்கள். முக்காற்புள்ளி போனில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்தேன். கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மண்டபத்தில் ஒரு போனிலும் அது திறக்காது என்று தெரிந்த ஒரே ஆள், கையில் மைக் வைத்திருந்த நான்.

முன்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார். பெயர் ரோச் என்றார். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருப்பவர். போனையும் கையையும் ஒன்றாக நீட்டினார்.

"தம்பி, ஒம்பது நாளா அடிக்கேன். கல்ல போட்டோ புடிச்சு வச்சு, அதப் பாத்துத்தான் அடிக்கேன். தொறக்க மாட்டேங்கு. எங்க தப்பு விடுதேன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு என்னமோ இந்த வெரலுதான் காரணம்னு தோணுது."

கயிறு இழுத்து இழுத்து, அந்த விரல் தடித்து, நுனி காய்த்துப் போயிருந்தது.

"ஒரு எழுத்தத் தொட்டா ரெண்டு எழுத்துல படுது. எம் மவ கிருபை காலேஜ்ல படிக்கா. அவளும் அடிச்சா, வரல. காலேஜுக்குப் போயி என்னத்தளா படிக்கன்னு ஏசிப்புட்டேன். ரெண்டு நாளா எங்கூடப் பேச மாட்டேங்கா. எனக்கு ஒரு சீட்டு எடுத்தாப் போதும் தம்பி. கடலுக்குப் போவணும்."

அவர் அடித்ததைப் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிசகவில்லை. முக்காற்புள்ளி சரியான இடத்தில் இருந்தது. எண்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்கப்போவதில்லை.

"இன்னொரு தடவ அடிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்றேன். "மெதுவா அடிங்க."

அவர் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினார். நான் மைக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவது மாதிரி வெளியே போனேன். மணலில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து எண்பது பேருக்கும் சான்றிதழ் கொடுத்தேன். ரோச் தன்னுடையதை இரண்டு கையாலும் வாங்கினார்.

பஸ்ஸில் தூத்துக்குடி திரும்புகிறவரைக்கும் எனக்கு என் முகமே எரிந்தது. நேராக இயக்குநர் அறைக்குப் போய், உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த முகவரி உலகத்தில் என் லேப்டாப் ஒன்றில் மட்டும்தான் திறக்கும் என்றேன். எனக்கு அது முதல் நாளே தெரியும் என்றும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கோபப்படவில்லை.

"சரி. என்ன பண்ணணும்?"

"வெளி சர்வர்ல ஏத்தணும் சார். ஒரு நாள் போதும்."

"ஏத்தினா அட்ரஸ் மாறுமா?"

"மாறும் சார்."

"அப்ப கல்லு?"

நான் சன்னல் வழியாக வாசலில் இருந்த கல்லைப் பார்த்தேன்.

"கல்லுல சீஃப் கெஸ்ட் பேரு இருக்கு விஜயராஜ். கல்லு தப்புன்னா, அதத் திறந்தவர் தப்பாத் திறந்தார்னு ஆகும். அவரக் கூப்பிட்டவன் நான். நான் யாரக் கேட்டேன்? உங்களக் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? 'ஓடுது சார்'னு சொன்னீங்க. மினிட்ஸ் புக்குல இருக்கு." இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். இருந்தது. "அதனால கல்லு சரி. கல்லு சரின்னா, மத்ததெல்லாம் அதுக்குத் தக்கபடி அமைச்சுக்கணும். உங்க லேப்டாப்புல மட்டும் திறக்கும்னு சொன்னீங்களே, அந்த லேப்டாப் எங்க இருக்கணுமோ அங்க இருக்கட்டும்."

மறுநாள் கல்லுக்கு மேலே தகரப் பந்தல் போட்டார்கள். ஒரு மேசை, ஒரு பிரிண்டர், காவலாளி அறையிலிருந்து ஒரு நீள வயர். லேப்டாப்பைச் சங்கிலியால் கல்லோடு சேர்த்துப் பூட்டினார்கள். ஆறடி தூரத்துக்குச் சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்டார்கள். சுற்றறிக்கை வந்தது. 'திறந்து வைக்கப்பட்ட முகவரி, கல்லைச் சுற்றி ஆறடிக்குள் முழுமையாகச் செயல்படுகிறது. மீனவர்கள் நேரில் வந்து இணையவழிச் சேவையைப் பெற்றுக்கொள்ளலாம். தட்டச்சுச் சான்றிதழ் கொண்டுவருவது கட்டாயம்.' பிரிண்டரில் வரும் சீட்டில் குத்துவதற்கு பீரோவிலிருந்து பழைய ரப்பர் ஸ்டாம்பு ஒன்று வெளியே எடுத்து எனக்குக் கொடுக்கப்பட்டது.

இப்போது என் வேலை இதுதான். காலையில் வந்து கல்லின் அடியில் உட்கார்ந்து தளத்தை ஓட விடுகிறேன். பெரியதாழையிலிருந்தும் கீழவைப்பாரிலிருந்தும் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்கிறார்கள். முன்பு வீட்டிலிருந்து நடந்து போய் இரண்டு நிமிடத்தில் வாங்கிய அதே சீட்டை, அதே ஸ்டாம்போடு, அரை நாள் செலவழித்து வாங்கிப் போகிறார்கள்.

முதல் நாள் வரிசையில் மூன்றாவது ஆளாக ரோச் நின்றார். சான்றிதழை பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தார். முகவரியை நான் அடிக்கப் போனேன். தடுத்தார்.

"இருங்க தம்பி. நானே அடிக்கேன்."

கல்லை நிமிர்ந்து பார்த்து, ஓர் எழுத்து அடித்து, மறுபடி நிமிர்ந்து பார்த்து, அடுத்த எழுத்து. பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். கடைசிச் சைபரை அடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்டரைத் தட்டினார். தளம் திறந்தது.

ரோச் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். உடனே போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "ஏளா கிருபை, தொறந்துட்டுளா! ஆமா, நாந்தான் அடிச்சேன். அன்னைக்கு நாமதான் எங்கயோ தப்பா அடிச்சிருக்கோம். கம்ப்யூட்டர் மேல ஒரு குத்தமும் இல்ல. அந்தத் தம்பி சொன்னாப்புல மெதுவா அடிச்சேன், தொறந்துட்டு." போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். "அப்படித்தான தம்பி?"

இப்போது சொன்னால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இயக்குநருக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் இங்க் காய்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ரோச்சின் முகம் அப்படியே மாறுவதைப் பார்க்கிற தைரியம்தான் எனக்கு இல்லை.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அவர் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதே பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து ஸ்டாம்பு பேடுக்குப் பக்கத்தில் வைத்தார். கருவாடு வாசம் வந்தது.

"நல்ல நெய்மீன் கருவாடு. வீட்டுக்குன்னு வச்சிருந்தது. படிச்சுக் குடுத்த வாத்தியாரப் பாக்க வெறுங்கையோட வரக்கூடாதுல்லா?"

வாங்கிக்கொண்டேன்.